பத்தொன்பதாவது சிப்பாயின் கண்

அத்தியாயம் 11

சிப்பாய்க்கு மாறுகண். சந்தேகமே இல்லை. இடது கண் சன்னலைப் பார்த்தது. வலது கண் தன் மூக்கையே முறைத்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். காலை மணி ஆறே முக்கால். டாக்டர் நடக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

போன வாரம் மகள் வாயாடியின் வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மாத்திரையில வீக்கம் வடியட்டும். ஞாயித்துக்கிழமை நானே பல்லை எடுத்துடறேன்" என்று டாக்டர் சொன்னதும், அதைக் கேட்டு டாக்டரம்மாவின் முகம் வெளுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பெற்ற மகளுக்குப் பல் எடுப்பதில் இவளுக்கு என்ன வந்தது என்று கோபமாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

டாக்டரம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் டாக்டருக்கு மனைவி, அவ்வளவுதான். பதினேழு வருடம் அவள் பார்த்தது போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை. நெகட்டிவில் முகப்பருவை மறைப்பாள். மாறுகண்ணை நேராக்குவாள். சிரிக்க மறந்த மாப்பிள்ளைக்கு உதட்டோரம் ஒரு கோடு இழுத்துச் சிரிக்க வைப்பாள். எங்கே கை வைத்தாள் என்று படத்துக்கு உரியவருக்கே தெரியக் கூடாது. அப்படிச் செய்தால்தான் முதலாளி தலையாட்டுவார்.

டாக்டர், பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. பொழுது போவதற்கு பிளாஸ்டிக் மாடல் கட்டுவார். பெட்டிக்குள் பாகங்களெல்லாம் ஒரு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, சுரண்டி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் விமானமோ கப்பலோ தீயணைப்பு வண்டியோ வந்து நிற்கும். கிளினிக்கில் தேய்ந்த கருவிகளுக்கெல்லாம் மாடியில்தான் ஓய்வூதியம். சொத்தைப்பல்லைக் குத்திப் பார்த்த ஊசி, விமானத்தின் இறக்கையில் கோடு கீறும். "விமானத்துக்குப் பல்வலியாப்பா?" என்று வாயாடி கேலி செய்வாள்.

நாலரை மாதத்துக்கு முன் அறுபது வயது முடிந்தபோது டாக்டர் தனக்கே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள் உள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிப்பாய்க்குக் கண் வரைய வேண்டும். மாடல் கட்டுகிறவர்கள் எல்லாரும் பயப்படுகிற இடம் அது. கடுகைவிடச் சின்னக் கண். அதில் முதலில் வெள்ளை, அதன்மேல் ஒரு கருப்புப் புள்ளி. வரைந்து முடித்ததும் தூசி விழாமல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடிவிடுவார். ஈரப் பெயின்ட் பளபளத்து ஏமாற்றும். ஆகவே மறுநாள் காலை, நடந்துவிட்டு வந்த பிறகு, பகல் வெளிச்சத்தில்தான் பூதக்கண்ணாடியை எடுப்பார்.

"ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தா திங்கக்கிழமை கிளினிக். பார்க்கலைன்னா போர்டைக் கழட்டிடுவேன். அடுத்தவங்க வாய்க்குள்ள விடற கை இது. எனக்கு நானே டிமிக்கி குடுக்கக் கூடாது" என்றார்.

அவர் கொடுக்கவில்லை. கொடுத்தது அவள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மேசை துடைக்கும்போது டம்ளரைத் தூக்கினாள். சிப்பாயின் ஒரு கண் மயிரிழை விலகியிருந்தது. பதினேழு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? பல்குத்தும் குச்சியை, பெயின்டைக் கரைக்கும் தின்னரில் தொட்டுப் புள்ளியை அழித்தாள். தன் பழைய பிரஷை எடுத்து ஒரே புள்ளி வைத்தாள். பரீட்சை என்பதே அந்த நிமிடம் அவள் நினைவில் இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். "சபாஷ்டா சிப்பாய்!" என்று கத்திவிட்டு விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனார். அந்த விசிலை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது. அதையும் திருத்தினாள். நாலாவது வாரத்திலிருந்து அது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பாத்திரம் கழுவுவாள், துணி மடிப்பாள், சிப்பாய்க்குக் கண் திறப்பாள். இப்போது அலமாரியில் பதினெட்டுச் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். முப்பத்தாறு கண்களும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

இன்று பத்தொன்பதாவது. இவ்வளவு மோசமாக எந்த வாரமும் இருந்ததில்லை. பழக்கதோஷத்தில் கை குச்சியைத் தேடிப்போனது. டாக்டரம்மா அதைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

'இன்னைக்குத் தொடமாட்டேன். அவரே பார்க்கட்டும். அவரே நிறுத்தட்டும்.'

டம்ளரைப் பழையபடி கவிழ்த்தாள். தைரியமாக ஏதோ செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை ஒரு பொம்மையைச் சொல்ல வைக்கப் பார்த்தாள்.

"அங்க என்னம்மா நோண்டறே? அப்பா பார்த்தா தொலைச்சிடுவாரு."

வாயாடி வாசலில் நின்றாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பது ஊருக்கே அவள் வாயால்தான் தெரியும். ஐந்து நாளாக அந்த வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

"துடைச்சேன்" என்றாள் அம்மா. "வலி எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு மணி நேரம்தானே. அப்புறம் பல்லும் இல்ல, வலியும் இல்ல."

"ஏன்டி, வேற டாக்டர்கிட்ட காட்டினா என்ன? பெரிய தெருவுல ஒருத்தர் புதுசா வந்திருக்காராமே."

வாயாடி அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வீட்லயே டாக்டரை வச்சுக்கிட்டா? அப்பா மனசு விட்டுடும்மா. எனக்கு அவர் கைன்னா பயமே கிடையாது. அதோ பதினெட்டுப் பேர் சாட்சி நிக்கறாங்களே!"

டாக்டரம்மா அலமாரிப் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். தான் செய்தது வெறும் செல்லம் இல்லை, துரோகம் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. யாருக்குச் செய்த துரோகம் என்பதில்தான் அவளுக்கு இன்னும் கணக்குச் சரியாக வரவில்லை.

ஏழே காலுக்கு டாக்டர் வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே மேசைக்குப் போனார். டாக்டரம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். டம்ளர் எழும்பியது. பூதக்கண்ணாடி கண்ணுக்குப் போனது.

'சபாஷ்டா' வரவில்லை.

அவர் சிப்பாயைச் சன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பினார். மறுபடி பார்த்தார். அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, 'அப்பாடா' என்றும் இருந்தது. இனி அவரே சொல்லிவிடுவார், தான் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

டாக்டர் சிரித்தார்.

"இங்க வந்து பாரு! மாறுகண் மாவீரன்! எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் இவன்கிட்ட தப்ப முடியாது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நேரா இல்லையா?"

"பெயின்ட்ல தின்னர் கூடிப்போச்சு போல. அதான் ஓடியிருக்கு."

"அப்போ... பரீட்சை?"

"பதினெட்டு வாரம் பாஸ் பண்ணவன் ஒரு வாரம் கோட்டை விட்டா என்ன, ஸ்கூலை விட்டே துரத்திடுவாங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு வாரம் தவறினாலும் போர்டைக் கழட்டிடுவேன்னு?"

"சொன்னேன். அப்போ எம்மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இப்ப இருக்கு." அலமாரியைக் காட்டினார். "இவங்க குடுத்த நம்பிக்கை. சிஸ்டரை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். பொண்ணு வெறும் வயித்தோட வர வேண்டாம், லேசா ஏதாவது குடு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பதினெட்டுப் பொய் சொன்ன பிறகு ஒரே ஒரு நிஜத்தை மேசையில் வைத்தாள். அது பொய் என்று தள்ளுபடியாகிவிட்டது.

கிளினிக்கில் எல்லாம் தயாராக இருந்தது. சிஸ்டர் தட்டில் கருவிகளை அடுக்கியிருந்தாள். வெளிச்சப் பலகையில் எக்ஸ்ரே. டாக்டர் உற்சாகமாக மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இதோ பாரு, உன் கடைசிப் பல்லு. நேரா நிக்க சோம்பேறித்தனப்பட்டுப் படுத்திருக்கு. இந்த வேருக்குக் கீழ ஓடுதே, இது நரம்பு. ரெண்டுக்கும் நடுவுல தலைமுடி அளவுதான் இடம்."

"அதுல பட்டா?"

"கீழ் உதடு மரத்துப் போயிடும். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. படாம எடுக்கத்தானே அப்பா இருக்கேன்."

"பட்டுச்சுன்னா எல்லா ரயிலையும் தப்பான நடைமேடைக்கு அனுப்பிடுவேன், பார்த்துக்கோங்க" என்று வாயாடி நாற்காலியில் சாய்ந்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே அவள் கழுத்தில் துணியைக் கட்டினாள்.

டாக்டர் ஊசியை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் ஊசி முனை லேசாக ஆடியது. வேறு யாராவது பார்த்தால் தெரிந்திருக்காது. டச்சிங் வேலை பார்த்தவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஊசியைக் கீழ வைங்க."

எல்லாரும் திரும்பினார்கள். டாக்டரம்மா கதவருகே நின்றிருந்தாள். கிளினிக்குக்குள் அவள் வருகிற வழக்கமே கிடையாது.

"என்ன விளையாட்டு இது?" என்றார் டாக்டர்.

"கீழ வைங்க. சொல்றேன்."

சிஸ்டர் விவரமானவள். பஞ்சு தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, பஞ்சு டப்பா நிறைய இருக்கும்போதே வெளியே போய்விட்டாள்.

"அந்தச் சிப்பாய்ங்க கண்ணு நீங்க வரைஞ்சது இல்ல" என்றாள் டாக்டரம்மா. "நான் வரைஞ்சது. நீங்க நடக்கப் போற நேரத்துல அழிச்சிட்டு மறுபடி வரைவேன்."

டாக்டர் முதலில் புன்னகைத்தார். "பொண்ணுக்கு வலிக்கும்னு பயந்து கதை விடறியா?"

"மூணாவது சிப்பாய்க்கு வலது கண்ணு இமைக்கு மேல ஏறியிருந்தது. எட்டாவதுக்கு ஒரு கண்ணுல ரெண்டு புள்ளி. பன்னிரண்டாவது..." அவள் தன் கன்னத்தைத் தொட்டாள். "பன்னிரண்டாவதுக்குக் கன்னத்துல இருந்ததுங்க."

புன்னகை போய்விட்டது. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். வைக்கும்போது உலோகம் தட்டில் இரண்டு மூன்று தடவை தட்டிச் சத்தம் எழுப்பியது. அதை மூன்று பேரும் கேட்டார்கள்.

"பதினெட்டுமா?"

"பதினெட்டும்."

"என் கையால வரைஞ்சது ஒண்ணுகூட இல்லையா?"

"இன்னைக்குக் காலைல பார்த்தீங்களே... அது மட்டும்."

வாயாடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. "ஏம்மா?" என்றாள். வீங்கிய வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல், பாதி காற்றாக வந்தது.

"விசிலடிச்சாருடி" என்றாள் அம்மா. அதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. சொல்லிய பிறகு அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

டாக்டர் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையை முட்டியின் மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை வரையும்போது கை ஆடும். எனக்குத் தெரியும். முடிஞ்சுதுடா உன் கதைன்னு நெனச்சுக்கிட்டுதான் டம்ளரைக் கவுப்பேன். காலைல வந்து பார்த்தா, நேரா இருக்கும்." விரல்களை மடக்கி விரித்தார். "சரி, கை ஆடினது நிஜமில்ல, வயசாயிடுச்சேங்கற பயத்துல எனக்கு அப்படித் தோணுதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு வாரமும் என் கையை நானே நம்பாம, அந்தப் பொம்மையை நம்பினேன்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"இன்னைக்கு ஏன் சொன்னே?"

"இவ நம்ம பொண்ணுங்க! தெரிஞ்சுக்கிட்டே எப்படி..."

பாதியிலேயே நின்றுவிட்டாள். தான் என்ன சொல்கிறோம் என்பது காதில் விழுந்துவிட்டது.

டாக்டர் தலை நிமிர்ந்தார். "நேத்து எட்டுப் பேர் வந்தாங்க. முந்தாநாள் ஆறு பேர். அவங்கள்லாம் யாரோட பொண்ணு?"

இத்தனை மாதமும் டாக்டரம்மா நினைத்துக்கொண்டிருந்தது புருஷனை மட்டும்தான். அவர் முகம் வாடக் கூடாது, அவர் விசில் நிற்கக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை அவள் தினமும் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனாள். ஒருத்தர் முகம்கூட இப்போது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

"ரெண்டு மாசம் முன்னாடி, பஸ்ல கண்டக்டரா இருக்கிற பொண்ணு ஒண்ணு வந்துச்சு" என்றார் டாக்டர். "இதே பல்லு. இதே பக்கம். எடுத்த பிறகு கீழ் உதடு மரத்திருக்குன்னு மூணு தடவை வந்து சொல்லிச்சு. பயத்துல அப்படித் தோணும்மா, எல்லாம் பிரமைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். மூணு தடவையும். ஏன் தெரியுமா? அந்த வாரத்துச் சிப்பாய் கண்ணு அவ்வளவு அழகா வந்திருந்துச்சு. உயிரே இருந்துச்சு அதுல."

டாக்டரம்மாவுக்கு அந்தச் சிப்பாயை நன்றாகத் தெரியும். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கை சும்மா இருக்காமல், கருப்புப் புள்ளிக்குள் ஊசிமுனை அளவு வெள்ளை வைத்தாள். ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு வைப்பது அது. வைத்தால் கண்ணுக்கு உயிர் வந்துவிடும். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அப்பா," என்றாள் வாயாடி மெதுவாக, "உங்க கை ஆடினதாலதான் அப்படி ஆச்சுன்னு நிச்சயமா?"

"இல்ல. ஆடாத கைக்கும் ஆகும். எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பொண்ணு சொன்னதைக் காது குடுத்துக் கேட்டிருந்தா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அனுப்பலையே!"

அவர் எழுந்து நோயாளிகளின் அட்டைகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தார். அந்தப் பெண்ணின் அட்டையை எடுத்தார். செல்போனில் எண்ணை அழுத்தும்போது இரண்டு தடவை தவறிப்போனது. டாக்டரம்மா உதவிக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார். "நீ திருத்தினது போதும்."

மூன்றாவது தடவை மணி அடித்தது.

"அம்மா, பல் டாக்டர் பேசறேன். உதடு இப்போ எப்படி இருக்கு?"

எதிர்ப்பக்கம் நீண்ட நேரம் பேசினார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இல்லம்மா. பிரமை இல்ல. நான் சொன்னது தப்பு. நாளைக்குக் காலைல நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன், நரம்பு டாக்டர்கிட்ட... சரியாகுமான்னு எனக்குத் தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். பிறகு அவர் கண்ணைத் திறந்தார்.

"கேக்கறது நியாயம்தான். ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா... அதை நான் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் இருங்க."

போனை மனைவியிடம் நீட்டினார்.

"எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்க. சொல்லு."

"நானா?"

"எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. விசிலையும் சேர்த்து."

டாக்டரம்மா மகளைப் பார்த்தாள். வாயாடி கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

போன் காதுக்கு வந்தது. மறுமுனையில் பஸ் நிலையத்து இரைச்சல். அதற்கு நடுவே ஓர் இளம் குரல், உதடு கூடாத இடங்களில் கொஞ்சம் காற்று கலந்து, பொறுமையாகக் கேட்டது.

"ஹலோ, யாருங்க? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க. வண்டி எடுக்கப் போறாங்க."